கன்ஃபிகர், மேக், இன்ஸ்டால்

யூனிக்ஸ் கணினியில் ஒரு லைப்ரரியை மூலநிரலிலிருந்து நிறுவுகிறவர் தட்டுவது பெரும்பாலும் மூன்று கட்டளைகள்தான்: கன்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால். எனக்குப் பிடித்தது முதலாவது. சி கம்பைலர் இருக்கிறதா, அது வேலை செய்கிறதா, இன்ன ஹெடர் கோப்பு உண்டா என்று கேள்விகள் திரையில் ஓட, ஒவ்வொன்றின் எதிரிலும் 'எஸ்' அல்லது 'நோ' விழும். பெண் பார்க்க வந்த வீட்டார்கூட இத்தனை விசாரிக்க மாட்டார்கள். பெரும்பாலான கேள்விகளுக்கு, குட்டி சி நிரல் ஒன்றை அங்கேயே எழுதி, கம்பைல் செய்து பார்த்துத்தான் பதில் சொல்கிறது. சன், எச்பி, சிலிக்கான் கிராஃபிக்ஸ் என்று ஆளுக்கொரு யூனிக்ஸ் விற்ற காலத்தில் உருவானது இது. அதனால்தான் அந்தச் சந்தேகபுத்தி தேவைப்பட்டது. இந்தக் கன்ஃபிகர் ஸ்கிரிப்டைத் தானாகவே தயாரித்துத் தரும் ஆட்டோகான்ஃப் பிறந்தது 1991இல்.

மேக் இன்னும் மூத்தது. 1976இல் பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் எழுதியது. சக ஊழியர் ஒருவர் பிழையைத் திருத்திவிட்டார். ஆனால் அந்தக் கோப்பை மறுபடி கம்பைல் செய்யவில்லை. சரியான நிரலிலேயே ஒரு காலைப்பொழுது முழுக்கப் பிழை தேடிவிட்டு, எரிச்சலோடு வந்து புலம்பினார். அதிலிருந்து பிறந்த யோசனை இது. கோப்புகள் கடைசியாக மாறிய நேரத்தைப் பார்த்து, தேவையானதை மட்டும் மேக் மறுபடி கம்பைல் செய்யும். (கட்டளை வரி டாப் எழுத்தில்தான் தொடங்க வேண்டும் என்ற அதன் வீம்பை மட்டும் மன்னிக்க முடியாது.)

மூன்றாவதில் ரசிக்க ஒன்றுமில்லை, கோப்புகளை உரிய இடத்தில் போட்டுவிட்டுப் போய்விடும். கன்ஃபிகர் பாதியில் நின்றால் கன்ஃபிக்.லாக் கோப்பைத் திறந்து பாருங்கள்; எந்தச் சோதனை எங்கே தோற்றது என்று அதில் எழுதியிருக்கும்.