பதில் சொல்லத் தெரிந்த ஆட்டம்

உரை விளையாட்டில் படம் கிடையாது. திரையில் நாலு வரி வரும். அடுத்து என்ன செய்வது என்று நாம் தட்டச்சு செய்ய வேண்டும். ஆட்டம் பதில் சொல்லும். இந்த வகைக்கென்றே 1995 முதல் ஆண்டுதோறும் நடக்கும் போட்டி ஐஎஃப்காம்ப். எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் பொழுதுபோக்காக எழுதுகிறவர்கள், நடுவர்களும் பொதுமக்கள்தான். ஒருவர் குறைந்தது 5 ஆட்டங்களாவது ஆடி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண் போட வேண்டும். முதல் 2 மணி நேரம்தான் கணக்கு. அதற்குப் பிறகு கதை எந்த உச்சத்துக்குப் போனாலும் போட்ட மதிப்பெண் போட்டதுதான்.

அந்த 2 மணி நேரத்தில் கன்னி முயற்சிகள் பலவும் சறுக்குவது கதையில் அல்ல, பதிலில். நாகர்கோவில் வடசேரியிலுள்ள கனகமூலம் சந்தையை ஒருவர் ஆட்டமாக எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மட்டி வாழையும் செந்துளுவன் வாழையும் குலை குலையாகத் தொங்குவதை அழகாக வர்ணிக்கிறார். நாம் ‘குலையைப் பார்’ என்று அடிக்கிறோம். ‘அப்படி எதுவும் இங்கே இல்லை’ என்கிறது ஆட்டம். அந்த நொடியே சந்தை கலைந்துவிடும். வில்லுப்பாட்டில் புலவர் கேட்டதற்குக் குடக்காரர் ‘ஆமா’ போடாவிட்டால் கதை நொண்டுவது போலத்தான்.

2007இல் முதலிடம் பிடித்த ‘லாஸ்ட் பிக்’ இந்த விஷயத்தில் எனக்கு இன்றும் அளவுகோல். க்ரங்க் என்ற ஓர்க் இன அரக்கன், தப்பியோடிய பன்றியைத் தேடுகிறான், கதை அவ்வளவுதான். ஆனால் கையில் கிடைத்ததைத் தின்னச் சொல்லுங்கள், கால்சட்டையைக் கொளுத்தச் சொல்லுங்கள். எழுதியவர் அதையும் முன்கூட்டியே யோசித்து, க்ரங்கின் கொச்சைப் பேச்சிலேயே பதில் வைத்திருக்கிறார். அந்த உழைப்புக்குத்தான் முதலிடம்.

1998இல் வென்ற ஆடம் கேட்ரின் ‘ஃபோட்டோபியா’ வேறு ரகம். புதிர் என்று பெரிதாக எதுவும் இல்லை. ஓரிடத்தில் பளிங்குச் சுவர்களுக்கு நடுவே வழி தெரியாமல் சுற்றுகிறோம். விண்வெளி உடையைக் கழற்றினால் முதுகில் சிறகு! ‘பற’ என்று அடிக்கத் தோன்றும் அந்தக் கணத்தின் சிலிர்ப்பு, வெறுமனே வாசிப்பதில் கிடைக்காது. கதையின் முடிவை ஆடுபவரால் மாற்ற முடியாது என்பது இதன்மீது சொல்லப்படும் குறை. என் கணக்கில் அந்தக் கையறு நிலைதான் கதையே.

மதிப்பெண்கள் மிக அதிகமாகச் சிதறிய ஆட்டத்துக்கு ‘கோல்டன் பனானா’ என்றொரு பரிசும் உண்டு. எல்லோரும் 6 போட்ட ஆட்டத்தைவிட, சிலர் 10, சிலர் 1 போட்டதைத்தான் நான் முதலில் திறப்பேன்.

தமிழில் இதைச் செய்ய முடியுமா? இத்தகைய ஆட்டங்களை எழுத உதவும் இன்ஃபார்ம், ட்வைன் என்ற மென்பொருள்கள் இரண்டும் இலவசம். தட்டச்சு செய்யும் கட்டளையைப் புரிந்துகொள்ள வேண்டிய இன்ஃபார்மில்தான் சிக்கல்: ‘விளக்கை எடு’, ‘விளக்கில் எண்ணெய் ஊற்று’ என்று ஒரே பொருள் உருபுக்கு உருபு வடிவம் மாறும், வினை கடைசியில் வரும். அந்த உருபுகளைப் பிரித்தறியும் நிரல் எழுதுவது, நாகர்கோவிலில் கணினி படிக்கும் பிள்ளைகளுக்கு இறுதியாண்டு புராஜெக்ட்டாகவே கொடுக்கத் தகுந்த வேலை. ட்வைனில் ஆடுபவர் தட்டச்சு செய்யாமல் சுட்டியைச் சொடுக்கினால் போதும், இன்றைக்கே தொடங்கலாம். எழுதி முடித்ததும் நாலு பேரை ஆடவிட்டுப் பின்னால் நில்லுங்கள். அவர்கள் எங்கே திணறுகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். வாய் திறந்து உதவ மட்டும் செய்யாதீர்கள்.