வாய் திறந்த மன்னன்

1985இல் தூர்தர்ஷன் ஒளிபரப்பிய ‘விக்ரம் அவுர் பேதால்’ என்னும் இந்தித் தொடர், சோமதேவரின் கதாசரித்சாகரத்திலும் இடம்பெறும் வேதாளக் கதைகளைச் சிறுவர்க்கெனத் தந்தது. அருண் கோவில் மன்னனாகவும் சஜ்ஜன் வேதாளமாகவும் நடித்தனர். ஒப்பனையும் காட்சியுத்திகளும் எளியனவே. கதையமைப்போ ஆழ்ந்த பொருளுடையது.

விடையறிந்தும் வாய் திறவாதிருந்தால் மன்னனின் தலை சிதறும். விடை பகர்ந்தாலோ, அவன் தோளில் சுமந்துவந்த வேதாளம் மீண்டும் மரத்திற்கே பறந்துவிடும். நம் ஓய்வுநாள் பள்ளிக் கதைகளில் உண்மை பேசும் சிறுவன் தவறாது பரிசு பெறுகிறான். இங்கோ உண்மை பேசியவன் தன் உழைப்பின் பயனையே இழக்கிறான். வாய்மூடியிருக்க முயன்றும் இயலாத எரேமியாவுக்கு நேர்ந்ததும் இதுவன்றோ?

தொடரில் குறையும் உண்டு. வேதாளத்தின் நகைப்பும் பறப்பும் வேடிக்கையாக முன்நிற்பதால், மன்னனின் இழப்பு சிறுவர் கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. ஆயினும் அவன் சோர்ந்து அரண்மனைக்குத் திரும்புவதில்லை; மரத்தை நோக்கியே மீண்டும் நடக்கிறான். நீதியை உரைத்ததால் இழப்புற்ற போதகரும் அடுத்த ஞாயிறு அருளுரைப் பீடம் ஏறவேண்டியவரே. பரிசு பெறும் கதைகளோடு இக்கதையையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லுவோமாக.