இரண்டு மருந்துகள்

அமெரிக்காவில் ஹார்வர்டு வணிகப் பள்ளி 1993-ஆம் ஆண்டில் நமது மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டது. வியாபாரம் படிக்கிற மாணவர்கள் வகுப்பில் விவாதிப்பதற்காக எழுதப்பட்டது. எழுதியவர் அந்தப் பள்ளியின் பேராசிரியர் வி. கஸ்தூரி ரங்கன். நிர்வாக சாஸ்திரத்துக்கும் எனக்கும் சம்பந்தம் கிடையாது. நான் கதை எழுதுகிறவன். ஆனால் விருதுநகர்ப் பக்கத்துக்காரன். அதனால் அதைப் படித்து முடித்ததும் மனசில் ஒரு நெருடல் தங்கிவிட்டது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஆய்வு கதைபோலத் தொடங்குகிறது. ஆசிரியர் சொன்ன நேரத்துக்கு முன்பே காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய், வரிசையில் நிற்கும் ஜனங்களைப் பார்க்கிறார். கதாநாயகர் டாக்டர் கோ. வெங்கடசாமி. எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில் பிறந்தவர். மூட்டுவாதத்தில் விரல்கள் கோணிப்போன பிறகும் கத்தி பிடிக்கப் பழகிக்கொண்டவர். சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, 1976-இல் பதினொரு படுக்கைகளோடு ஆஸ்பத்திரியை ஆரம்பித்தார். மக்டொனால்டு பலகாரக் கடை எந்த ஊரிலும் ஒரே தரத்தில் பண்டம் கொடுக்கிறதே, கண் வைத்தியத்தை அப்படிக் கொடுக்க முடியாதா என்று கேட்டவர். ஒரு நாவலாசிரியன் இதைவிட நல்ல பாத்திரத்தைக் கற்பனை செய்துவிட முடியாது.

வைத்தியத்துக்கு மார்க்கெட்டிங் என்ற சொல்லைச் சேர்த்தால் நம்மவர்களுக்கு முகம் சுளிக்கும். அரவிந்தின் அனுபவம் அந்தச் சுளிப்பைப் போக்கும். கண்புரைக்கு இலவசமாக ஆபரேஷன் செய்கிறோம் என்று கிராமத்தில் சொன்னார்கள். வர வேண்டியவர்களில் பலர் வரவில்லை. பஸ் காசுக்கு எங்கே போவது? மதுரையில் யார் சோறு போடுவார்கள்? ஆட்டை யார் பார்த்துக்கொள்வது? காரணங்களைத் தெரிந்துகொண்டு பஸ்ஸும் சாப்பாடும் ஏற்பாடு செய்தார்கள். அப்படியும், கண்ணில் கோளாறு உள்ள கிராமத்தவர்களில் 7 சதவீதம் பேரே முகாமுக்கு வருகிறார்கள் என்று 1999-இல் வெளியான ஓர் ஆய்வு சொல்லிற்று. பின்னால் கிராமங்களுக்குப் பக்கத்திலேயே சிறு பார்வை மையங்கள் வைத்தார்கள். ஒருவன் ஏன் வரவில்லை என்று அவன் இடத்தில் நின்று யோசிப்பதற்கு மார்க்கெட்டிங் என்று பெயரானால், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. என் பெரியம்மாவை முகாமுக்குப் போகச் சொல்லி ஆறு மாதம் மன்றாடினோம். “சும்மாவா கண்ணை அறுப்பான்?” என்று மறுத்துவிட்டாள். ஆபரேஷன் செய்துகொண்டு வந்த எதிர்வீட்டு ஆச்சி வாசலில் நின்று கோலப் புள்ளிகளை எண்ணிக் காட்டிய மறுவாரமே பஸ் ஏறினாள்.

என் நெருடல் வேறு. இந்த உதாரணத்தை எடுத்துக்கொண்டு, எல்லா ஆஸ்பத்திரிகளும் இப்படித் திட்டமிட்டால் ஏழைகளின் வைத்தியப் பிரச்னை தீர்ந்துவிடும் என்று பேசுகிறவர்கள் அநேகம். அவர்களைச் சிவகாசிக்கு அழைத்துப் போக எனக்கு ஆசை.

சிவகாசியில் மருந்து என்றால் வேறு அர்த்தம். வெடிக்குள் செலுத்துகிற கலவைக்குத்தான் அங்கே அந்தப் பெயர். “மருந்து அறையில் வேலை” என்று ஒருவர் சொன்னால், டாக்டரிடம் வேலை செய்கிறவர் என்று வெளியூர்க்காரர் நினைத்துக்கொள்ளலாம். 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் வெடித்தபோது ஏறக்குறைய 40 பேர் இறந்தார்கள். உதவி செய்யவும் வேடிக்கை பார்க்கவும் ஓடிவந்த அக்கம்பக்கத்து ஜனங்களும் அதில் உண்டு. தீக்காயம் பட்டவர்களில் பலரை எழுபது கிலோமீட்டருக்கு மேல் தாண்டி மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அரவிந்தின் திட்டம் மூன்று தூண்களின்மேல் நிற்கிறது என்று எனக்குப் படுகிறது. ஒன்று, கண்புரை காத்திருக்கும் நோய். இந்த மாதம் முடியாவிட்டால் அடுத்த மாத முகாம். தீக்காயத்துக்கு முதல் சில மணி நேரந்தான் உயிர். இரண்டு, கண்புரை ஆபரேஷன் நிமிஷக் கணக்கில் முடிகிறது. ஒரு மேஜையில் வேலை நடக்கும்போதே அடுத்த மேஜையில் அடுத்த நோயாளி தயார். கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பழக்கி, டாக்டர் கை வைக்க வேண்டாத வேலைகளையெல்லாம் அவர்கள் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். தீக்காயக்காரனோ வாரக்கணக்கில் ஒரே படுக்கையில் கிடப்பான். தோலெடுத்து ஒட்ட வேண்டும், சீழ் பிடிக்காமல் காக்க வேண்டும். அங்கே வேகம் செல்லாது.

மூன்றாவதுதான் முக்கியம். கண்புரை பணக்காரனுக்கும் வரும். அதனால் காசு கொடுக்கிற நோயாளியின் பணம் கொடுக்க முடியாதவனின் செலவைத் தாங்குகிறது. வெடிமருந்துக் காயம் அப்படி எல்லாருக்கும் வருவதில்லை. அறைக்குள் உட்கார்ந்து கை கறுக்க மருந்து செலுத்துகிறவனுக்கே வருகிறது. அந்த வார்டில் காசு கொடுக்கிற நோயாளி எங்கிருந்து வருவான்?

வேலைப் பிரிவினையும் வேகமும் பட்டாசு ஆலையிலும் உண்டு. ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் கூடாது என்பது விதி. எண்ணிக்கைக்குக் கூலி என்பது வழக்கம். தீபாவளி நெருங்க நெருங்க வழக்கம் விதியை ஜெயித்துவிடுகிறது. ஆலையை உள்குத்தகைக்கு விடுகிறார்கள்; அறைக்குள் ஆள் கூடுகிறது; மரத்தடியிலும் வேலை நடக்கிறது. பதிவேட்டில் பேர் இல்லாதவனுக்கு ஈ.எஸ்.ஐ. வைத்தியமும் இல்லை. கண் ஆஸ்பத்திரியில் பார்வை கொடுக்கிற அதே அவசரம் இங்கே ஆளை எரிக்கிறது. வேகத்தைப் புகழ்கிற நிர்வாக நூல்கள், அந்த வேகத்தின் லாபம் யாருக்கு, ஆபத்து யாருக்கு என்று கேட்பதில்லை.

கண் ஆஸ்பத்திரியைப் பற்றிய ஆய்வில் பட்டாசைத் தேடுவது நியாயமா என்று கேட்கலாம். ஆய்வாளர்மேல் எனக்கு வழக்கில்லை. அவர் பார்த்ததை நன்றாகவே எழுதியிருக்கிறார். அதைச் சர்வரோக நிவாரணியாக்குகிறவர்களோடுதான் என் வழக்கு. 2022-இல் விருதுநகரில் சர்க்கார் மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். தூரம் குறைவது பெரிய காரியந்தான். ஆனால் சிவகாசிக்கான வைத்தியத் திட்டம் ஆஸ்பத்திரி வாசலில் தொடங்க முடியாது; மருந்து அறையின் வாசலில் தொடங்க வேண்டும்.

டாக்டர் வெங்கடசாமியிடம் கற்க வேண்டியது அவர் போட்ட கணக்கை. இல்லாதவனின் செலவைத் தாங்கக்கூடியவன் யார் என்று அவர் தேடினார். கண்புரையில் அவன் பக்கத்து வரிசையிலேயே நின்றான். சிவகாசி விஷயத்தில் அவன் ஆஸ்பத்திரிக்குள் வருவதே இல்லை. தீபாவளிக்கு முந்தின நாள் கடைத்தெருவில், ஒரு சரத்தைக் கையில் எடுத்து, “விலையைக் கொஞ்சம் குறையுங்கள், அண்ணாச்சி” என்று பேரம் பேசிக்கொண்டிருக்கிறான். நானும் பேசியிருக்கிறேன்.