முகவுரையில் மட்டும் ஓரிடம்

இலங்கை அரசும் விடுதலைப் புலிகளும் செய்த 2002 பெப்ரவரி 22ஆம் திகதிய போர்நிறுத்த உடன்படிக்கையைக் கைநழுவிய பொன்வாய்ப்பென்று ஏங்குவோர் இப்போது கூடிவிட்டார்கள். ரணில் விக்கிரமசிங்க அரசு நோர்வேயை நடுவில் இருத்தியது துணிச்சல், கெடுத்தவர்கள் பிறகு வந்தவர்கள் என்பது அவர்கள் வாதம்.

துணிச்சல்தான். துவக்குச் சத்தம் குறைந்தது, ஏ-9 பாதை திறந்தது. அதைச் சிறிதென்று சொல்ல மாட்டேன்.

என் வழக்கு அந்தக் காகிதத்தோடுதான். மோதலில் நேரடித் தரப்பல்லாதோரும் துன்புறுகிறார்கள், குறிப்பாக முஸ்லிம்கள் என்கிறது முகவுரை. 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் சுடப்பட்டார்கள். ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் புலிகளால் ஊரோடு விரட்டப்பட்டார்கள். இத்தனைக்கும் பிறகு முஸ்லிம்களாகிய நாம் அனுதாபத்துக்குரியோர், தரப்பல்ல!

முகவுரையைத் தாண்டினால் கணக்கு இன்னும் தெளிவு. ஆறு மாவட்டங்களில் உள்ளூர்க் கண்காணிப்புக் குழு. அம்பாறையும் ஒன்று. குழுவுக்கு ஐவர்: அரசு நியமிப்பது இருவர், புலிகள் நியமிப்பது இருவர், சர்வதேசக் கண்காணிப்பாளர் ஒருவர். மருதமுனை முதல் பொத்துவில் வரை முஸ்லிம் ஊர்கள் நிறைந்த கரையில் முஸ்லிமுக்கென்று ஒரு கதிரை இல்லை. அரசின் இருவரில் ஒரு முஸ்லிம் இருக்கலாமே என்பார்கள். இருக்கலாம், அரசு மனம் வைத்தால். தயவு வேறு, உரித்து வேறு. வட்டைக்குப் போகும் கமக்காரன் கப்பம் கேட்ட புலிகள்மீது முறையிட நினைத்தால், அவர்களின் ஆட்கள் இருவரும் அமர்ந்திருக்கும் குழுவிடமே போகவேண்டும்.

இந்த ஓட்டையை அரசின் அமைச்சரே நிரூபித்தார். அதே ஆண்டு ஏப்ரல் 13ஆம் திகதி முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூப் ஹக்கீம் கிளிநொச்சிக்குப் போய்ப் புலிகளின் தலைவர் பிரபாகரனோடு தனியே ஓர் உடன்பாடு செய்தார். நாட்டின் உடன்படிக்கை தன் குடிகளைக் காத்திருந்தால் அந்தப் பயணம் எதற்கு? அந்த உடன்பாடும் காக்கவில்லை: ஜூனில் மூதூரும் வாழைச்சேனையும் கலவரத்தில் எரிந்தன. செப்டெம்பரில் தாய்லாந்துப் பேச்சில் ஹக்கீம் அமர்ந்ததும் அரசுத் தூதுக்குழுவில்தான். அந்தக் கதிரையை ஏற்றுக்கொண்ட நம் தலைமைக்கும் இதில் பங்குண்டு.

அரசு மாறியது, பழக்கம் மாறவில்லை. 2004 டிசம்பர் சுனாமியில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் மாண்டார்கள். ஆறு மாதம் கழித்து, 2005 ஜூன் 24ஆம் திகதி, சந்திரிகா அரசும் புலிகளும் சுனாமி நிவாரணத்துக்கான பொதுக்கட்டமைப்பில் ஒப்பமிட்டார்கள். அதிலும் முஸ்லிம்களின் கையொப்பம் இல்லை.