காய் விட்ட தண்ணீர்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்து வருகிறவர்கள் வயிற்று உப்புசத்துக்கு மாத்திரை வாங்க மெடிக்கல் ஷாப்பில் நிற்கிறார்கள். எதிரே கூடை கூடையாக முள்ளங்கி. அதை உப்பில் புளிக்கவைத்துச் சாப்பிடுங்கள் என்றால் "கெட்டுப்போன வாடை" என்று முகத்தைச் சுளிக்கிறார்கள். புளித்த மாவில் தினமும் இட்லி தின்கிற ஊரில் இந்தப் பயம் எங்கிருந்து வந்தது?

செய்முறையைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். நறுக்கிய காய் ஒரு கிலோவுக்கு 20 முதல் 25 கிராம் கல்லுப்பு. பிசையுங்கள், கண்ணாடி பாட்டிலில் அழுத்துங்கள். காய் தண்ணீருக்குள் முங்கியே இருக்க வேண்டும். காற்றில்லாத இடத்தில் லாக்டிக் அமில பாக்டீரியா காயின் சர்க்கரையைப் புளிப்பாக்கும். தினம் ஒருமுறை மூடியைத் தளர்த்துங்கள். நம் வெயிலுக்கு மூன்று நாலு நாளில் தயார், பிறகு ஃப்ரிட்ஜ். பச்சையாகவோ கறுப்பாகவோ பூசணம் கண்டால் மொத்தமும் குப்பைக்கு.

இனி விஷயத்துக்கு வருவோம். உப்புநீர் கரைத்து ஊற்றுவதும், உப்பைப் பிசறிக் காயையே தண்ணீர் விடவைப்பதும் ஒன்றல்ல. பெரும்பாலான குறிப்புகள் இரண்டையும் ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. எனக்கு ஆத்திரமாக வரும். ஊற்றின நீரில் காயின் ருசி கரைந்து வெளியே போகிறது. காய் மொழுமொழுவென்று இருக்கும், ருசி மட்டும் பாதி. கோவைக்காய், நெல்லிக்காய் போல முழுசாகப் போடுகிற காய்க்கு அது சரி, வேறு வழியில்லை. முள்ளங்கியையும் கோஸையும் அப்படி வீணாக்கலாமா? உப்புப் பிசறிய முள்ளங்கி அரை மணியில் துவண்டு, கிண்ணத்தின் அடியில் தண்ணீர் கட்டும். சர்க்கரை, காரம் எல்லாம் அந்தத் தண்ணீரில்தான். இரண்டாம் நாள் அது கலங்கும், ஓரமாகக் குமிழி ஏறும். மூன்றாம் நாள் கந்தக வாடை தூக்கும். புதிதாக வருகிறவர்கள் ஓடிப்போவது அந்த நாளில்தான். ஓடாதீர்கள். மறுநாள் ஒரு துண்டை எடுத்துக் கடியுங்கள்: முதலில் உப்பு, உடனே நாக்கில் சுருக்கென்று ஒரு துடிப்பு, கடைசியில்தான் புளிப்பு. கரியமில வாயு தருகிற அந்தத் துடிப்பை ஃப்ரிட்ஜில் வைத்த பிறகு தேடினால் அவ்வளவாகக் கிடைக்காது.

வினிகரில் முக்கிய வெங்காயத்தை இதோடு சேர்த்துப் பேசுகிறவர்களுக்கு நாக்கே இல்லை என்பேன். அது வாங்கி ஊற்றிய புளிப்பு. சுடச்சுட நல்லெண்ணெய் தாளித்துக் கொட்டுகிறவர்கள் உயிருள்ள பொருளைக் கொன்றுவிட்டுக் குடலுக்கு நல்லது என்கிறார்கள், எண்ணெய் ஆறட்டும். கிம்ச்சி பாட்டிலை ஃபோட்டோ எடுத்துப் போடுகிறவர்கள் வீட்டு உப்பு நெல்லிக்காயைத் திரும்பிப் பார்ப்பதில்லை. கொரியாக்காரர் கூடிக் கிம்ச்சி போடும் வழக்கத்தை 2013-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது. அவர்கள் தங்கள் ஜாடியை மதித்தார்கள்.

இதெல்லாம் பாட்டி வைத்தியம் என்று ஒதுக்குகிறவர்களுக்கும் ஒன்று. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 2021-இல் வெளியிட்ட ஆய்வில் 36 பேர். தயிர், புளித்த காய் போன்றவற்றைப் 10 வாரம் அதிகம் சாப்பிட்ட பாதிப்பேருக்குக் குடல் நுண்ணுயிர் வகைகள் பெருகின, அழற்சியைக் காட்டும் புரதங்கள் குறைந்தன. சின்ன ஆய்வுதான். சர்வ நோயும் தீரும் என்று வாட்ஸ்அப்பில் அளக்க அதில் இடமில்லை. ரத்தக்கொதிப்பு, கிட்னிப் பிரச்சினை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்; உப்பு உப்புதான்.

உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்குக் காயைவிடத் தண்ணீர்தான் பிடிக்கும். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனை டாக்டர்களே பழைய சோற்றை ஆராய்ச்சிக்கு எடுத்தார்களே, அந்தப் பழைய சோற்று நீராகாரத்தில் முள்ளங்கித் தண்ணீர் இரண்டு ஸ்பூன் விட்டு, சின்ன வெங்காயம் நசுக்கிப் போட்டுக் குடித்துப் பாருங்கள். தனியாக உப்பு வேண்டாம். மிச்சத்தைக் கொட்டிவிடாதீர்கள், அடுத்த பாட்டிலில் கொஞ்சம் விட்டால் சீக்கிரம் புளிக்கும்.