உடைச்சுச் சொல்லணும்னா

எபிரேய விவிலியத்தில் 'ஷெவெர்' என்று ஒரு சொல் வருகிறது. உடைவு என்பது அதன் அடிப்படைப் பொருள். ஒருவன் கால் எலும்பு முறிந்தாலும் ஷெவெர், ஒரு நகரமே அழிந்தாலும் ஷெவெர். லேவியராகமத்தின் 'முறிவுக்கு முறிவு' தண்டனைக் கணக்கில் இந்தச் சொல்தான் இருக்கிறது. பாபிலோனியரிடம் விழுந்த எருசலேமுக்காக அழும் புலம்பல் நூலில், கடல் அளவு பெரிய அழிவுக்கும் இதே சொல்தான்.

சில மாதங்களாக தோ பாயோ நூலகத்தில் உட்கார்ந்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இந்தச் சொல் வரும் இடங்களை 1871ஆம் ஆண்டுத் தமிழ் விவிலியத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஹென்றி பவர் தலைமையில் உருவான மொழிபெயர்ப்பு அது. தமிழ்ச் சீர்திருத்த சபைகளில் இன்றைக்கும் பெரும்பாலும் வாசிக்கப்படுவது அதன் வழிவந்த பதிப்புதான். எபிரேயத்தில் ஒன்றாக இருக்கும் சொல், தமிழுக்கு வந்ததும் காயம், நொறுக்குதல், தானியம் என்று ஆளுக்கொரு பக்கம் போய்விடுகிறது.

தானியம் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். ஆதியாகமம் 42இல் பஞ்சம். எகிப்தில் தானியம் இருக்கிறது என்று யாக்கோபு அறிகிறார். அந்தத் தானியத்துக்கும் ஷெவெர் என்றுதான் பெயர். அரைத்து உடைப்பதால் வந்த பெயர், பசியை உடைப்பதால் வந்த பெயர், இல்லை, வேர்ச்சொல்லே வேறு என்று அறிஞர்களிடையே பல கருத்துகள் உண்டு. ஆனால் காதில் விழும் ஓசை ஒன்றுதான். பழைய யூத உரையாசிரியர்கள் இதை விடவில்லை. ஷின் எழுத்தின் மேல் உள்ள புள்ளியை வலமிருந்து இடம் மாற்றினால் 'ஷெவெர்' 'செவெர்' ஆகிவிடும். அதற்கு நம்பிக்கை என்று பொருள். யாக்கோபு பார்த்தது உடைவையா, நம்பிக்கையையா என்று அவர்கள் சொல் விளையாட்டு ஆடினார்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது எரேமியா 6:14. மக்களின் ஷெவெரை மேலோட்டமாக ஆற்றிவிட்டு, சமாதானமே இல்லாதபோது சமாதானம் என்கிறார்கள் என்று தீர்க்கதரிசிகளையும் ஆசாரியர்களையும் சாடுகிற இடம். 1871 மொழிபெயர்ப்பு இங்கே 'காயம்', 'மேற்பூச்சு' என்ற சொற்களைப் போடுகிறது. 'மேற்பூச்சு' அருமையான தேர்வு. மருந்தும் தெரிகிறது, சுவருக்கு அடிக்கிற சாயமும் தெரிகிறது. ஆனால் 'காயம்' கொஞ்சம் ஏமாற்றுகிறது. காயம் சில சமயம் களிம்பிலேயே ஆறிவிடும். எலும்பு முறிவு ஆறாது. முறிந்த எலும்பின் மேல் களிம்பு தடவுகிறார்களே என்பதுதான் மூலத்தில் இருக்கும் கோபம். தமிழில் அந்தக் கோபத்தின் சூடு பாதி இறங்கிவிடுகிறது.

இத்தனைக்கும் நம் பேச்சுத் தமிழில் அந்தச் சொல் கையருகிலேயே இருக்கிறது. கை உடைஞ்சது, மனசு உடைஞ்சது, ஏரி உடைஞ்சது என்கிறோம். உடைச்ச கடலை சாப்பிடுகிறோம். பிரசவ நேரத்தில் பனிக்குடம் உடைகிறது. எபிரேயத்திலும் இதே வேரிலிருந்து வரும் 'மஷ்பேர்' கருப்பையின் வாயைக் குறிக்கும். இன்னொன்றும் உண்டு. நியாயாதிபதிகள் 7இல், வாற்கோதுமை அப்பம் ஒன்று உருண்டு வந்து கூடாரத்தைச் சாய்ப்பதாக ஒரு மீதியானியன் கனவு காண்கிறான். தோழன் அதற்குச் சொல்லும் விளக்கத்தின் பெயரும் ஷெவெர். நாம் "உடைச்சுச் சொல்லு" என்கிறோமே, அதேதான்.

இதை ஏன் இங்கே பேசுகிறேன்? தோ பாயோ என்ற பெயருக்கே பெரிய சதுப்பு நிலம் என்று பொருள். 1960களில் கம்பங்களை அகற்றி, சதுப்பை நிரப்பி எழுப்பிய நகரம் இது. 1995இல் ஒட்டுமொத்த மறுமேம்பாட்டுத் திட்டம் வந்த பிறகு, சிங்கப்பூரில் பழைய வீவக புளோக்குகளும் இடிபடத் தொடங்கின. இடிந்த புளோக், மூடிய மளிகைக்கடை, வெட்டிய மரம் பற்றி இங்கே எழுதப்படும் தமிழ்க் கவிதைகளை நிறையப் படித்துவிட்டேன். பெரும்பாலானவை ஒரே மாதிரி முடிகின்றன. கடைசி வரியில் பழைய வீட்டு எண்ணோ அம்மாவின் சமையல் மணமோ வந்துவிடும். வாசகனுக்குக் கண் கலங்கும், கவிதை முடிந்துவிடும். எது உடைந்தது, யார் உடைத்தார்கள், அந்த உடைவிலிருந்து யார் சாப்பிட்டார்கள் என்ற கேள்விகள் அப்படியே நிற்கும். ஏக்கமும் ஒரு மேற்பூச்சுதான்.

அதற்காக, 'உடைவில்தான் பிறப்பு இருக்கிறது' என்று எழுதிவிட்டால் சரியாகிவிடுமா? அது அதைவிடச் சுலபமான பூச்சு. ஏசாயா 37ஐப் பாருங்கள். கி.மு. 701, அசீரியப் படை எருசலேமை நெருக்குகிறது. எசேக்கியா ராஜா சொல்லி அனுப்புவது இதுதான்: பிள்ளை மஷ்பேர்வரை வந்துவிட்டது, பெறத்தான் தெம்பில்லை. அந்தச் சொல்லில் பிறப்பு இருக்கிறது. ஆனால் பிறந்தே தீரும் என்ற உத்தரவாதம் இல்லை.

லோரோங் 8இல் இருக்கும் வைராவிமட காளியம்மன் கோயில், 1980களில் சாமர்செட் பக்கத்திலிருந்து இங்கே இடம்பெயர்ந்தது. அங்கே ஒரு கோயில் இல்லாமல் போனது, இங்கே ஒன்று வந்தது. ஒன்றைச் சொல்லி மற்றதைக் கழித்துவிட முடியாது. அதை எழுதப்போகிறவர் ஏக்கத்தில் முடிக்காமல், கும்பாபிஷேக மகிழ்ச்சியிலும் முடிக்காமல், இரண்டையும் ஒரே சொல்லில் நிறுத்திக் காட்டினால் நான் முதல் ஆளாகப் படிப்பேன். அதற்கான சொல் எபிரேயத்தில் மட்டும் இல்லை. 'உடை' என்று நம் வாயிலேயே இருக்கிறது.