கணக்காய்ப் போடுதல்: சமையற் குறிப்பும் வாவிக்கரை அடுக்களையும்

திணைகளின் கருப்பொருள்களை எண்ணத் தொடங்கும் தொல்காப்பியர், தெய்வத்தை அடுத்து உணவையே வைக்கிறார். விலங்கும் மரமும் புள்ளும் பறையும் அதற்குப் பின்னரே வருகின்றன. எனினும் அவர் வழிவந்த திறனாய்வு, மரத்தையும் புள்ளையும் பற்றி எழுதிய அளவுக்கு உணவைப் பற்றி எழுதியதில்லை. சமையலைப் பற்றிய எழுத்து வாரப் பத்திரிகையின் மகளிர் பக்கத்துக்கு உரியது, திறனாய்வாளனுக்கு அங்கே வேலையில்லை என்றோர் எண்ணம் நெடுநாளாக நிலவி வந்துள்ளது. ஆயின் அச்சில் வரும் தமிழ் உரைநடையில் மிகப் பரவலாகப் படிக்கப்படும் வகைகளுள் சமையற் குறிப்பும் ஒன்று. அதற்கெனத் தனி வடிவமும் தனி வாக்கிய அமைப்பும் உண்டு. அது மனத்திற் கொண்டுள்ள வாசகரும் உண்டு. அவ்வடிவம் எதைச் சொல்ல வல்லது, எதைச் சொல்லாது விடுகிறது என்பதை, ஓர் ஊரின் அடுக்களையை உரைகல்லாகக் கொண்டு நோக்குதல் தகும்.

பெரியகல்லாறு அதற்கு ஏற்ற ஊர். மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குச் செல்லும் வீதியில், களுவாஞ்சிகுடிக்குத் தெற்கே, கிழக்கே கடலும் மேற்கே வாவியுமாக ஒடுங்கிய நிலத்துண்டில் அமைந்தது அது. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான மட்டக்களப்பு வாவி கடலோடு கலக்கும் வாய்கள் இரண்டு. ஒன்று பாலமீன்மட்டில் உள்ளது, மற்றையது கல்லாற்றில். கோடையில் மணல் திரண்டு வாய் அடைபடும். வடகீழ்ப் பருவக்காற்றின் மழை வெள்ளம் வந்ததும் அது திறக்கும், அல்லது வெட்டித் திறக்கப்படும். வாவிக்கு அப்பால் படுவான்கரை வயல்கள். எழுவான்கரையின் மீனும் தேங்காயும் மேற்கே போக, படுவான்கரையின் நெல்லும் எருமைத் தயிரும் விறகும் தோணியேறிக் கிழக்கே வந்தமை இப்பகுதியின் பழைய பொருளாதாரம். நெய்தலும் மருதமும் ஒரே சட்டியில் மயங்கும் இடம் என இதனைக் கூறலாம். சிறுபாணாற்றுப்படையில் நெய்தல் நிலத்தவர் சுட்ட உலர்மீனைத் தர, மருத நிலத்து உழவர் வெண்சோற்றோடு நண்டுக் கலவையைத் தருவதாக நத்தத்தனார் திணைக்கொரு விருந்து வகுத்தார். கல்லாற்றில் அவ்விரு விருந்தையும் ஒரே வீட்டில் ஒரே நாளிற் பெறலாம்.

இத்தகைய ஓரிடத்துக்கு அச்சுக் குறிப்பு வரும்போது என்ன நிகழ்கிறது? ‘இறால் ஒரு கிலோ, உப்பு ஒரு தேக்கரண்டி’ என்று அது தொடங்குகிறது. எந்த இறால் என்று அது கேட்பதில்லை. மாரியில் மழைநீர் சேர்ந்து வாவியின் உவர்ப்புக் குறைகிறது. வாய் அடைபட்ட கோடையில் உவர்ப்பு ஏறுகிறது. உவர்நீரில் வாழும் இறால், வெளியிலுள்ள உப்பைச் சமன்செய்வதற்காகத் தன் தசையில் அமினோ அமிலங்களை மிகுதியாகச் சேர்த்து வைக்கிறது. அவற்றுள் இனிப்புச் சுவையுடைய கிளைசினும் ஒன்று. கோடை இறால் இனிப்பதும் மாரி இறால் சற்றுச் சப்பென்றிருப்பதும் இதனாலாகலாம். விஞ்ஞானம் இதைக் கூறுமுன்னரே அடுக்களை இதை அறிந்து, உப்பையும் புளியையும் பருவத்துக்கேற்ப மாற்றி வந்திருக்கிறது. நண்டின் கதையும் அத்தகையதே. நிலாக்காலத்து நண்டு சப்பை என்பது கரையோர மக்களின் நெடுநாளைய கொள்கை. நிலவின் பங்கு எவ்வாறாயினும், ஓடு கழற்றிய நண்டு சில காலம் சதைப்பற்றின்றி நீர்த்திருக்கும் என்பது உண்மை. அந்த நண்டை வாங்கியவள் முருங்கையிலையை ஒரு பிடி கூடப் போட்டு, தேங்காய்ப்பாலைச் சுருக்கி ஆணத்தைத் தடிப்பாக்குகிறாள். குறிப்பை எழுத்துப் பிசகாமற் பின்பற்றியவள் தண்ணீர்க் கறியை இறக்கிவைக்கிறாள்.

‘ஆணம்’ என்ற சொல்லுக்காகவும் ஒரு கணம் நிற்கலாம். மட்டக்களப்புத் தமிழரும், தெற்கே சிறிது தொலைவிலுள்ள மருதமுனை முதலிய ஊர்களின் முஸ்லிம்களும் குழம்புக்கு ஒருங்கே வழங்கும் சொல் இது. அச்சுக் குறிப்புகளிலோ ‘கிரேவி’ வருகிறது, ‘குழம்பு’ வருகிறது, ஆணம் அருகியே வருகிறது. இரு சமூகங்கள் பகிர்ந்துகொண்ட ஒரு சொல் வீட்டில் உயிரோடிருக்க, எழுத்தில் இடம் பெறாமற் போவது சிறு விடயமன்று.

நூல்களையே எடுத்து நோக்குவோம். தமிழில் சமையல் நூலை ஒரு நிறுவனமாகவே ஆக்கியவர் எஸ். மீனாட்சி அம்மாள். 1951ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய ‘சமைத்துப் பார்’ ஆழாக்குக் கணக்கில் அளவு தந்து, செய்முறையின் ஒழுங்கைக் குழப்பமின்றி எடுத்துரைத்தது. தனிக்குடித்தனம் போன பெண்களுக்கும் கடல் கடந்து போனவர்களுக்கும் அது பக்கத்தில் நின்ற மூத்தவளாயிற்று. ஆயின் அது தமிழகத்துப் பிராமண இல்லத்தின் மரக்கறிச் சமையல். மீனின்றி நாள் கழியாத வாவிக்கரைக்கு அது பெரும்பாலும் அயல்வீட்டு நூலே. இலங்கையில் ஹில்டா டியூட்ரம் தொகுத்த ‘சிலோன் டெய்லி நியூஸ்’ சமையல் நூல் 1929ஆம் ஆண்டளவிலேயே வந்துவிட்டது. அது ஆங்கிலம் அறிந்த கொழும்பு இல்லங்களுக்கானது. யாழ்ப்பாணத் தமிழரின் சமையலைத் தொகுத்து நேசா எலியேசர் பதிப்பித்த ஆங்கில நூல் 2003இல் வெளிவந்தது. புலம்பெயர்ந்த தலைமுறைக்கு அதன் பயன் பெரிது. எனினும் இத்தகைய நூல்களின் செல்வாக்கால் ஈழத்தமிழர் சமையல் என்றாலே யாழ்ப்பாணச் சமையல் என்ற மயக்கமும் வலுப்பட்டது. கூழும் ஒடியலும் ஓர் இனத்தின் அடையாளமாக உயர்த்தப்பட்டபோது, பாலாணமும் முட்டித் தயிரும் ஒரு மாவட்டத்தின் பழக்கமாக ஒதுங்கின. வி. சீ. கந்தையா 1964இல் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ எழுதி இப்பிரதேசத்தின் பண்பாட்டுக்குத் தேடித்தந்த மதிப்பை அடுக்களைக்குத் தேடித்தரும் நூல் வேண்டப்படுகிறது.

இப்பிரதேசத்துச் சமையல் ஏன் நெடுநாள் எழுதப்படவில்லை என்ற வினாவுக்கு, அக்கறையின்மை என்று விடை கூறி அமைவது எளிது. ஆனால் சமூக அமைப்பிலும் ஒரு காரணம் இருக்கிறது. மட்டக்களப்பில் குடி தாய்வழி வருவது. வீடு மகளுக்குச் சீதனமாகச் செல்வது. மணமகனே பெண்வீட்டுக்கு வருகிறான். பிறவிடங்களில் மணமகள் மாமியாரின் அடுக்களைக்குப் புகுந்து, தான் அறிந்ததை மறந்து புதிதாகக் கற்க வேண்டியிருக்க, இங்கே மகள் தாயின் அடுப்படியிலேயே தாயாகிறாள். தாய் பின்னர் வேறு வீடு கட்டிக்கொண்டு போனாலும் பெரும்பாலும் அதே வளவுக்கோ அயலுக்கோதான் போகிறாள். கேட்டு அறிய வேலிக்கு அப்பால் ஆள் இருக்கும்போது எழுதிவைக்க வேண்டிய தேவை எழுவதில்லை. எவ்வளவு உப்பு என்று கேட்கும் மகளுக்குக் கிடைக்கும் விடை, ‘கணக்காப் போடு, புள்ள’ என்பது. கணக்கு என்ற சொல் இங்கே எண்ணைக் குறிக்கவில்லை. பொருந்தி அமைதலைக் குறிக்கிறது. சட்டை கணக்காய் இருக்கிறது என்பதுபோல உப்பும் கணக்காய் இருக்க வேண்டும். அச்சுக் குறிப்பின் கணக்கு தேக்கரண்டிக் கணக்கு. சொல் ஒன்றே, அறிவு முறை இரண்டு.

வாக்கிய அமைப்பிலும் இவ்வேறுபாடு தெரிகிறது. ‘வதக்கவும்’, ‘இறக்கவும்’, ‘பரிமாறவும்’ என்று இன்றைய குறிப்புகள் ஆளில்லாத வினைகளால் நடக்கின்றன. யார் யாருக்குச் சொல்கிறார் என்பது அவற்றில் இல்லை. தாயின் பேச்சில் விளி இல்லாத வாக்கியம் அரிது. அச்சுக் குறிப்பு ‘பத்து நிமிடம் கொதிக்கவிடவும்’ என்கிறது. 2022இல் எரிவாயு கிடைக்காது வீடுகள் மீண்டும் விறகடுப்புக்குத் திரும்பியபோது அந்தப் பத்து நிமிடத்துக்குப் பொருளில்லாது போயிற்று. இறால் சிவந்து சுருளத் தொடங்கியதும் இறக்கு என்ற சொல்லுக்கு எந்த அடுப்பும் ஒன்றே.

இவ்வாறு கூறுவதால் எழுதப்படாத சமையலே உயர்ந்தது என்ற முடிவுக்கு வந்துவிடலாகாது. அது வசதியான ஏக்கம். வேலிக்கு அப்பால் ஆள் இருந்தவரைதான் அம்முறை செல்லுபடியாயிற்று. 1983 முதல் 2009 வரை நீடித்த போரும் இடப்பெயர்வுகளும் வேலிகளைக் குலைத்தன. 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை இந்த ஒடுங்கிய நிலத்துண்டைத் தாக்கியது. கிழக்குக் கரையிற் பலவிடங்களில் ஆண்களினும் பெண்களும் சிறுவருமே மிகுதியாக மாண்டனர். நினைவில் மட்டுமே இருந்த நூலகம் எரிந்தது போன்றது அது, சாம்பல்கூட எஞ்சவில்லை. இன்னொரு பிரிவு ஓசையின்றி நிகழ்ந்து வருகிறது. இம்மாவட்டத்துப் பெண்கள் பலர் மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுப் பணிக்குச் செல்கின்றனர். அங்கே பிறர் அடுக்களையில் பிறர் உணவைச் சமைக்கும் தாயின் மகள், இங்கே அம்மம்மாவிடம் கற்கிறாள். அல்லது கைத்தொலைபேசியின் காணொளியிற் கற்கிறாள். சமையற் குறிப்பு என்ற எழுத்துவகை பிரிவிற் பிறந்தது. தனிக்குடித்தனம் மீனாட்சி அம்மாளின் நூலுக்கு வாசகரைத் தந்தது போல, இப்பிரிவுகள் வாவிக்கரைக்கும் ஒரு நூலை வேண்டி நிற்கின்றன.

அந்நூல் எவ்வாறு அமையலாம் என்பதற்குப் பழந்தமிழில் ஒரு சாயல் உண்டு. குறுந்தொகை 167ஆம் பாடலில் கூடலூர் கிழார் ஒரு புதுமனைவியின் சமையலைக் காட்டுகிறார். கட்டித் தயிரைப் பிசைந்த விரலை அவள் உடையிலே துடைத்துக்கொள்கிறாள். தாளிப்பின் புகை கண்ணிற் படிகிறது. புளிப்பும் இனிப்புமான அவ்வுணவைக் கணவன் இனிதென்று உண்ண, அவள் முகம் மெல்ல மலர்கிறது. உரையாசிரியரும் மேடைப் பேச்சாளரும் அந்த மலர்ச்சியிலேயே தங்கிவிடுகின்றனர். புலவரோ புகையையும் கறைபட்ட உடையையும் விட்டுவிடவில்லை. இதைக் கண்டு வந்து கூறுபவள் செவிலி; கேட்பவள் நற்றாய். ஆகவே இது தாயரிடையே நிகழும் பேச்சு. மகள் கற்றுக்கொண்டாளா என்பதே அவர்களுடைய கவலை. வீட்டுச் சமையலின் இன்பத்தைப் பற்றி இன்று எழுதுவோர் பலர் ஞாயிற்றுக்கிழமை ஆர்வத்தோடு அடுப்பண்டை வருபவர்கள். அவர்களுடைய மகிழ்ச்சியைக் குறை கூறுவதற்கில்லை. சமைத்துக் களிப்பதற்கு ஆண்களும் வருவது நல்லதே. ஆனால் மற்றைய 6 நாளும் அந்தப் புகையில் நிற்பவளின் தீர்ப்பறிவு அவர்கள் எழுத்தில் வருவதில்லை. சுவை வருகிறது, வியப்பு வருகிறது, நிழற்படம் வருகிறது. மீந்த சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றிவைத்து மறுநாட் காலைக்குப் பழஞ்சோறாக்கும் முன்யோசனை வருவதில்லை. வீட்டுச் சமையலின் பெரும்பகுதி அத்தகைய முன்யோசனைதான்.

வாவிக்கரைக்கு வேண்டிய குறிப்பு அளவோடு காரணத்தையும் தரவேண்டும். இறால் பாலாணத்தை எடுத்துக்கொண்டால், அது ஏறத்தாழ இவ்வாறு பேசலாம்: மாரி இறாலா, கோடை இறாலா என்று முதலிற் கேள். ஒன்றை உப்பின்றி அவித்துத் தின்றுபார். அது இனித்தால் உப்பில் கையைக் குறை. வெங்காயமும் பச்சைமிளகாயும் வெந்தயமும் கப்பிப்பாலில் வேகட்டும். இறாலைப் பின்னர் போடு. முன்னே போட்டால் றப்பராகும். அது சிவந்து சுருளும்போது தலைப்பாலை ஊற்று, அகப்பையால் ஆற்றிக்கொண்டே இரு. பொங்கவிட்டால் பால் திரையும். தேசிக்காய்ப் புளியைச் சட்டி இறங்கிய பின்பே விடு. அடுப்பிலேயே விட்டாலும் திரையும். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பதம் பார்.

இக்குறிப்பிலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. ரொறன்ரோவிலோ லண்டனிலோ கடையிற் கிடைக்கும் உறைந்த இறாலுக்கு மாரியும் இல்லை, கோடையும் இல்லை. உறையவைக்குமுன் அதில் உப்புநீர் ஏற்றப்படுவதும் உண்டு. அங்கே முதல் வரி பயனற்றுப்போகும். இரண்டாம் வரியிலிருந்துதான் அந்தப் பெண் தொடங்க வேண்டியிருக்கும்.